வலை ஈயம்

எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, ஒரு பாதியை அப்பாவின் விரல் நுனிகளில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கிருபா. கறுப்பு போவதாக இல்லை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகக்கண் வரைக்கும் ஏறியிருந்தது. ஹில்டா அத்தை வெள்ளை நூல் கையுறையை எடுத்து வந்து, இதைப் போட்டுவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள். அம்மா வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். கை தெரிய வேண்டுமாம்.

அப்பா லாசரஸ் தாம்பரம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார், பக்கத்தில் ரயில்வே தராசு சும்மா தூங்கும் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் டென்னிஸ் ராக்கெட் வேலை. நரம்பு கட்டுவார். ஆனால் ஜனங்கள் அவரைத் தேடி வந்தது எடை சேர்ப்பதற்குத்தான். மீன் வலையில் கோக்கிற ஈயக்குண்டைச் சுத்தியால் தட்டித் தட்டி மெல்லிய பட்டையாக்குவார். அதை ராக்கெட்டின் தலையில் ஒட்டுகிற பிளாஸ்டருக்கு அடியிலோ, கைப்பிடித் தோலுக்கு அடியிலோ வைத்துவிடுவார். தலையில் வைத்தால் அடி பலமாக விழும். பிடியில் வைத்தால் ராக்கெட் கைக்கு அடங்கும். யாருக்கு எங்கே எவ்வளவு என்பதை அவர்தான் தீர்மானிப்பார். டாக்டர் மருந்து எழுதும்போது நம்மைக் கேட்டா எழுதுகிறார்?

ஆகவே விரலில் கறுப்பு இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும் முன்னால் புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவாமல் அவர் வேதப்புத்தகத்தைத் தொட்டதே கிடையாது. நேற்றும் கழுவினார். கிருபாதான் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். வெள்ளையாக இருந்த அந்த விரல்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. இது அதற்குப் பிறகு ஏறிய கறுப்பு. மே மாதம், காலேஜெல்லாம் மூடிக் கிடக்கிறது, ஆட வருகிறவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் வேலைக்கு வந்த ராக்கெட் ஒன்றுகூட இல்லை. இருந்தது அவளுடையது ஒன்றுதான்.

“நேத்து ஜெபம் முடிஞ்சப்புறம் அப்பா எதுனா வேலை பாத்தாராம்மா?”

தபீதாள் புருஷனின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தாமலே சொன்னாள்.

“சாப்ட்டுட்டுப் பின்னாடி ரூமுக்குப் போனாரு. கொஞ்ச நேரத்துல வந்துட்டாரு. ‘தராசு நின்னுடுச்சு தபீதா’ன்னாரு. சிரிச்சாரு. படுத்துட்டாரு.”

விடிந்து காப்பிக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் பாக்கி இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் எவ்வளவு சமாதானமாகப் படுத்திருக்கிறார் என்றார்கள். கிருபாவுக்கு அது சமாதானம் மாதிரி தெரியவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்ட கிளார்க்கின் முகம் மாதிரி இருந்தது.

வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. ரயில்வே ஆட்கள் வந்தார்கள், சபையார் வந்தார்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிற மார்க்கர் சம்பந்தம் வந்தார். கோர்ட்டுக்குச் சாணி மெழுகிவிட்டு அப்படியே ஓடி வந்தவர், கையைக் கழுவியும் வாசனை போகாமல் நின்றார். அப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“டெய்லி கோர்ட்டாண்ட அந்த பெஞ்சில கண்ண மூடிக்கினு ஒக்காந்திருப்பாரே பாப்பா. டியூட்டி அலுப்பு, தூங்கறாருன்னு நெனச்சேன். ஒரு நாளு கேட்டுட்டேன். ‘தூங்கல சம்பந்தம், கேக்கறேன்’னாரு.”

“எதைக் கேட்டாராம்?”

“பந்து சத்தத்தத்தான். நானும் கண்ண மூடிப் பாத்தேன். நீ அடிக்கறது சின்னய்யா அடிக்கற மாரியே கீது. எனக்கே முடி நட்டுக்கிச்சி.”

பாராட்டாகத்தான் சொன்னார். ஹில்டா அத்தையும், ஒரே ரத்தம் இல்லையா, வேறு எப்படி இருக்கும் என்று ஒத்துக்கொண்டாள். இந்தப் பாராட்டைக் கிருபா இரண்டு வருஷமாகக் கேட்டுவருகிறாள். இன்றைக்குத்தான் அது காதில் உரசியது.

சின்னய்யா என்றால் அவள் அண்ணன் அசரியா. அறுபத்தெட்டில் சிநேகிதர்களோடு கோவளத்துக்குக் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. மறுநாள் ஒரு மீனவரின் வலையில் வந்தான். மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்த பையன். பின் கோட்டில் நின்று அவன் அடித்தால் சுவரில் சாக்கு மூட்டை மோதிய மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே தெருமுனையில் வரும்போதே அவன் ஆடுகிறான் என்று சொல்லிவிடலாம்.

கிருபாவின் ஆட்டமே வேறு. அவளுக்கு எடை குறைந்த ராக்கெட். ஓடிப்போய் வலைக்குப் பக்கத்தில் நின்று, எதிராளி பின்னால் இருக்கும்போது பந்தை மெல்லத் தட்டி அந்தப் பக்கம் போட்டுவிடுவாள். அது இரண்டாவது தடவை எழும்பவே யோசிக்கும். அசரியா அவளைத் திருடி என்று கூப்பிடுவான். அப்பா அந்த ஆட்டத்தை ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை. மகனுடைய மேட்ச் என்றால் லீவு போடுவார், மகளுக்கு என்றால், மனம் வந்தால் ஒரு தலையசைப்பு.

அசரியாவைப் புதைத்த ஒரு மாதத்தில் அவர் தானாகவே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. ஆட்டம் முடிந்ததும் ராக்கெட்டை அவரே வாங்கிக்கொள்வார், தோலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிக் காலையில் கொடுப்பார். அண்ணன் செத்ததால் கிடைத்த அப்பா என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்துக்காகக் கோவிலில் முழங்காலில் நின்று மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறாள். தோள் வலிக்க ஆரம்பித்ததும், வலைக்குப் பக்கத்தில் தட்டுகிற பந்து கைக்கு வராமல் போனதும், பின் கோட்டுக்கே தள்ளப்பட்டு அங்கிருந்து ஓங்கி அடிக்கப் பழகியதும் அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ராக்கெட் கனக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு தடவை கேட்டாள். மழைக்காலத்தில் மரம் தண்ணீர் குடிக்கும் என்றார். கோடை வந்தும் அது குடித்த தண்ணீர் வற்றவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. அப்பா என்னைப் பார்க்க வருகிறார் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வருஷத்தை ஓட்டியவள், வேறு எதைக் கேட்பாள்?

வெயில் உச்சிக்கு வந்தபோது, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் வந்து, பந்தலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். கோவளம் சவுரிமுத்து. அசரியாவைக் கரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். சாவுக்கு என்று வந்தவர் இல்லை, யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை. அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார். உள்ளே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு, வெகு நேரம் தலைமாட்டில் நின்றார். பிறகு கிணற்றடிப் பக்கம் நின்ற கிருபாவிடம் வந்து, மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

“இத்தக் குடுத்துட்டுப் போலாம்னு பஸ் ஏறுனேன்மா. இதோட தீந்துபோச்சி, இனிமே இல்லன்னு அய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு.”

பிரித்தாள். நாலைந்து ஈயக்குண்டுகள். உப்பு பூத்துச் சாம்பல் நிறமாக இருந்தன.

“ஈயமா? கடையில கிடைக்குமே. இதுக்காகவா அவ்வளவு தூரம் வந்தீங்க?”

சவுரிமுத்து அவளை ஒரு மாதிரி பார்த்தார். உனக்குத் தெரியாதா என்பதுபோல் இருந்தது.

“கடை ஈயம் அய்யா தொட மாட்டாரும்மா. இது அந்த வலையோடது. அண்ணன இட்டாந்த வலை. அத்த நான் அப்பால தண்ணில எறக்கல, மனசு வல்ல. தோப்புல கட்டி வுட்டுட்டேன். அய்யா வருவாரு, நாலு குண்டு அறுத்துக்கினு போவாரு. வேற நல்ல ஈயம் தரேன் அய்யான்னு சொல்லிப் பாத்தேன். ‘வேணாம் சவுரி, அவன் வந்த ஈயந்தான் வேணும்’னாரு.”

“என்ன பண்ணினாராம்?”

“நான் கேக்கல. புள்ளைய வுட்டவரு. இன்னான்னு கேப்பேன்?”

பொட்டலத்தை அவள் மூடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வலது தோளில், வழக்கமாக வலிக்கிற அந்த இடத்தில், யாரோ விரலை வைத்த மாதிரி இருந்தது. சவுரிமுத்து இன்னும் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

பின்னாடி ரூமை அப்பா பூட்டியே வைத்திருப்பார். வார்னிஷ் நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று காரணம் சொல்வார். சாவி, ஆணியில் தொங்கிய அவருடைய யூனிஃபாரம் சட்டைப் பையில் இருந்தது. கிருபா திறந்து உள்ளே போனாள். முன்னறையில் பெண்கள் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள்.

உத்திரத்திலிருந்து ஒரு கயிறு இறங்கி, கயிற்றில் ஒரு மூங்கில் கழி தொங்கியது. அதுதான் அப்பாவின் தராசு. ஒரு முனையில் அவளுடைய ராக்கெட். இன்னொரு முனையில் அசரியாவுடையது. பெட்டிக்குள் கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறோம் என்று அம்மா சொன்ன அதே ராக்கெட், தலையில் பழுப்பேறிய பிளாஸ்டரோடு. கழி படுக்கைக்கோடாக நின்றது. பீச் போகிற மின்சார ரயில் அந்த நேரம் தாண்டியது. ஜன்னல் கதவு நடுங்கியது, அலமாரியில் வார்னிஷ் டப்பா நடுங்கியது. கழி மட்டும் அசையவில்லை.

நின்றுவிட்டது என்று அவர் சொன்னது இதைத்தான்.

அவள் தன் ராக்கெட்டைக் கழற்றினாள். மறுமுனை சட்டென்று இறங்கி, அசரியாவின் ராக்கெட் தரையில் டொப்பென்று இடித்தது. அந்தச் சத்தத்துக்கு முன்னறையில் பாட்டு ஒரு நிமிஷம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது.

தலையிலிருந்த பிளாஸ்டரை நகத்தால் கிளப்பினாள். அடியில் ஈயப்பட்டை. அதன் அடியில் இன்னொன்று. பிடித் தோலைப் பிரித்தால் அங்கேயும். வெற்றிலை மாதிரி மெல்லிசாகத் தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, மரத்தோடு மரமாக அழுத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் அவருடைய கட்டைவிரல் பதிந்த ரேகை. கைக்கு வெதுவெதுப்பாக இருந்தன. மே மாதத்து ரூமில் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் தரையில் போடத் தயக்கமாக இருந்தது.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக அந்த மனுஷர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் திறக்காததன் அர்த்தம் இப்போது விளங்கியது. திறந்தால் எதிரே நிற்பது கிருபா. மூடினால் அசரியா. கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் அவனை ஏற்றியிருக்கிறார், அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவனுக்கு இடம் விட்டிருக்கிறாள். அந்தத் தட்டுகிற பந்து எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அவளே கேட்கவில்லை.

பட்டைகளை எல்லாம் உரித்து, அப்பாவின் கைக்குட்டை ஒன்றில் போட்டு முடிந்தாள். சவுரிமுத்து கொண்டுவந்த குண்டுகளையும் அதிலேயே போட்டாள். தன் மகனைத் தானே கொண்டுபோகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆளில்லாத ரூமில் அது பெரிதாகக் கேட்டது.

பெட்டி வந்தது. தூக்கி உள்ளே வைத்தார்கள். பாஸ்டர் வருவதற்குள், தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, அப்பாவின் பிடரிக்கு அடியில் அந்த முடிச்சைத் தள்ளிவிட்டாள் கிருபா. யாரும் கவனிக்கவில்லை. ஜெபம் முடிந்து மூடப்போகும்போது, அம்மா கடைசியாகக் குனிந்து முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் தலையை ஏந்திக்கொண்டு அப்படியே கிடந்தாள். ஹில்டா அத்தை தோளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

பெட்டியைத் தூக்கியவர்களில் சவுரிமுத்துவும் சம்பந்தமும் தலைப்பக்கம் நின்றார்கள். படி இறங்கும்போது சவுரிமுத்து திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சம்பந்தம், பொட்டி இவ்ளோ லேசா கீது?”

சம்பந்தமும் ஆமாம் என்றார். ஒரு கைக்குட்டை ஈயம் பெட்டியின் எடையை மாற்றாது என்பது பார்சல் கிளார்க்கின் மகளுக்குத் தெரியாததா? இருந்தாலும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவள் கூடவே வந்தது. கல்லறைத் தோட்டத்தில் அசரியாவின் பக்கத்துக் குழி. மண்ணை அள்ளிப் போட்டபோது கையே தனியாக மிதக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தும் தோள் வலிக்கவில்லை. வலி இல்லாதது பழக்கமில்லாமல் இருந்தது.

மறுநாள் விடிந்தபோது வீடு அமைதியாக இருந்தது. ஹில்டா அத்தை முந்தின நாள் அலைந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் அம்மா இல்லை. கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கிருபா தினமும் பந்து அடித்துப் பழகுகிற மதில். அம்மாவின் மடியில் கிருபாவின் ராக்கெட் கிடந்தது. பக்கத்தில் கைக்குட்டை பிரிந்து கிடந்தது.

புது வெள்ளைப் புடவையில் அங்கங்கே விரல் பட்ட கறுப்பு.

கிருபா படியில் உட்கார்ந்தாள். முதலில் அம்மாதான் பேசினாள்.

“நீ வச்சத நான் பாத்தேன். மூடறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்.”

“அது அவனோட ராக்கெட்ம்மா. என்னோடது இல்ல.”

“தெரியும்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

அம்மா மதிலைப் பார்த்தாள். சாயங்காலங்களில் கிருபா இங்கே பந்து அடிக்க ஆரம்பித்ததும் சமையலறையில் ஸ்டவ் இரைச்சல் நின்றுவிடும். மண்ணெண்ணெயை மிச்சப்படுத்துகிறாள் என்றே கிருபா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“ஒவ்வொரு நாளும் கிட்ட கிட்ட வந்துச்சு” என்றாள் அம்மா. “முந்தாநேத்துகூட, இன்னும் துளிதான் தபீதான்னாரு. முடிச்சாரு. அந்தச் சத்தத்தக் கேக்காமலே போயிட்டாரு.” ஒரு பட்டையை எடுத்து ராக்கெட்டின் தலையில் வைத்துப் பார்த்தாள். அது வழுக்கி மடியில் விழுந்தது. “எங்க ஒட்டணும்னு எனக்குத் தெரியல கிருபா. ஒரே ஒரு தடவ. அப்புறம் நீ எடுத்துரு.”

எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அம்மா தன் நரைத்த தலையை ராக்கெட்டின்மேல் கவிழ்த்துக்கொண்டு, விழுந்த பட்டையை மறுபடி மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வயதுக்கு அவள் மகளிடம் எதுவும் கேட்டதில்லை.

கிருபா ராக்கெட்டை வாங்கிக்கொண்டாள். எது எங்கே இருந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாக எடுத்து வைத்தது. அம்மா கட்டைவிரலால் அழுத்தினாள். பிளாஸ்டரை இழுத்து ஒட்டினார்கள். தோலை அவள் சுற்ற, முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். கிருபா எழுந்து காற்றில் ஒரு தடவை வீசிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டும். உட்கார்ந்து பிரித்து, பிடியில் இன்னொரு பட்டை வைத்தாள். மறுபடி வீசினாள். வலது தோளில் அந்தப் பழைய வலி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. போதும் என்று நிறுத்தினாள். சவுரிமுத்துவின் குண்டுகள் மட்டும் கைக்குட்டையில் மிச்சம் இருந்தன.

அம்மா உள்ளே போய் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து, அதே படியில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு வானொலி இன்னும் ஆரம்பிக்கவில்லை. கிருபா பந்தை எடுத்துக்கொண்டு மதிலுக்கு எதிரே, பின் கோடு வருகிற தூரத்தில் போய் நின்றாள். அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.